நான் கண்டுபிடித்த சுகாதாரம்

தம்பி,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். கர்த்தருடைய கிருபையால் இங்கு யாவரும் நலம் என்று எழுத வேண்டும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதப் பழக்கினேன். இன்றைக்கு எனக்கு அதற்கு மனமில்லை. நான் நலமாக இல்லை. புதன்கிழமை தபாற்காரன் உன் கடிதத்தைத் தந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன், இறக்கி வைக்கத் தோன்றவில்லை. வருத்தம் என்று நினைத்துவிடாதே. கோபம். அதை மறைத்து எழுத எனக்கு இந்த வயதில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. முழுவதையும் வாசி. பாதியில் மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடாதே.

உறைக்குள் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று நீ எனக்கு எழுதியது. அடுத்தது, நம் போதகரை இந்த ஊரைவிட்டு மாற்றும்படி மேலிடத்துக்கு அனுப்பப்போகும் மகஜரின் பிரதி. உன் மாமனார் சபைச் செயலாளர், ஆகவே முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது உன்னுடையது. மூன்றாவது இடத்தை எனக்காக வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். சபையில் வயதில் மூத்தவள், இத்தனை காலம் ஆர்மோனியம் வாசித்தவள், அம்மாவின் பெயர் இருந்தால் எடுபடும் என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவது தாள், டொக்டர் என்ற முறையில் நீ கொடுத்திருக்கும் கடிதம். இராப்போசனத்துக்குப் பாவிக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களை நிறுத்திவிட்டு, வருகிற உயிர்த்தெழுந்த ஞாயிறு முதல் எல்லோருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சைரசம் கொடுக்கப்போவதாகப் போதகர் அறிவித்திருக்கிறார் அல்லவா, அது நோயைப் பரப்பும், சுகாதாரத்துக்குக் கேடு என்று அதில் இருக்கிறது. மேலே உன் பெயரும் பட்டமும் அச்சில். அந்தக் கடிதத்தாளை நீ முதன்முதலில் அச்சடித்துக் கொண்டுவந்து காட்டிய அன்று நான் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். இப்படி ஒரு காரியத்துக்கு அது பயன்படும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பேன்.

உன் கடிதத்தில் நீ சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை. சுவிசேஷ ஊழியத்தை யாரும் தடுக்கவில்லை என்கிறாய். போதகர் பனங்கூடலுக்குள் இருக்கும் குடிசைகளுக்குப் போகட்டும், பிரசங்கிக்கட்டும், ஞானஸ்நானமும் கொடுக்கட்டும், ஆனால் நமக்குப் பழகிப்போன வழிபாட்டு ஒழுங்கில் கைவைக்கக்கூடாது என்கிறாய். 'இது சாதிப் பிரச்சினை அல்ல, அம்மா, சுகாதாரப் பிரச்சினை' என்று எழுதி அதன்கீழ் கோடும் கீறியிருக்கிறாய். தம்பி, அந்தச் சுகாதாரத்தைக் கண்டுபிடித்தவள் நான். நம் வீட்டு மண்டபத்தில், கையில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றுகொண்டு கண்டுபிடித்தேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உன் அப்பாவும் நானும் அதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அரசாங்கம் மிஷன் பள்ளிக்கூடங்களைக் கையேற்ற காலம் அது. பள்ளிக்கூடம் போய்விட்டது, இனி நம் சபைக்கு என்ன வேலை மிச்சம் என்று எல்லோரும் திகைத்துப்போய் இருந்தோம். அப்போதிருந்த பழைய போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் நாம் முதலிலிருந்தே செய்திருக்க வேண்டும் என்று பிரசங்கித்தார். வருஷத்தில் ஒரு கிழமை சுவிசேஷ வாரம் என்று வைத்தோம். அக்கோடியனும் தூக்கிக்கொண்டு குறிச்சி குறிச்சியாகப் போனோம். எனக்குக் கிடைத்தது பனங்கூடல். பனையேறிக் கள் இறக்கும் சீவல் தொழில் செய்யும் பத்துப் பதினைந்து குடும்பங்கள் அங்கே. எங்கள் வளவுகளுக்குள் அவர்கள் வேலிப் பொட்டுக்கு இப்பால் வருவதில்லை. எங்கள் கிணற்றில் அள்ளுவதில்லை. அவர்களிடம் போய், கடவுள் எல்லோரையும் ஒரே மாதிரி நேசிக்கிறார் என்று நான் பாடினேன். என் குரல் நன்றாக இருந்தது என்று அப்பா மெச்சினார்.

அங்கேதான் சின்னாச்சி எனக்குப் பழக்கமானாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். மற்றவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் நின்று கேள்வி கேட்பாள். இயேசு என்ற அந்த ஆள் நோயாளிகளைக் கையால் தொட்டாரா, தொட்ட பிறகு கை கழுவினாரா என்று ஒருமுறை கேட்டாள். கழுவினதாக எழுதவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் அவளுக்கும் இன்னும் நாலைந்து பெண்களுக்கும் எழுத்துப் பழக்கினேன். இரண்டு வருஷம் போனேன், ஒரு கிழமை தவறவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஒரு விஷயத்தை மறைத்துவிட்டால். பையில் சுவிசேஷப் புத்தகத்தோடு ஒரு தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோவேன். வெயிலில் நடந்து போய்த் தொண்டை வறண்டால் அதை எடுத்துக் குடிப்பேன். அவர்கள் என்னிடம் ஒருநாளும் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது அவர்களுடைய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் கூத்து என்னவென்றால், பங்குனி சித்திரையில் பனையிலிருந்து கருப்பநீர் இறக்கும் காலம் வந்தால் சின்னாச்சியின் புருஷன் விடிய மரத்தால் இறங்கி ஒரு முட்டி நிறையக் கொண்டுவந்து நம் வேலியடியில் வைப்பான். அவன் கட்டிய முட்டி, அவன் கைபட்ட நீர். அதை நான் வடித்துத் தருவேன். நீ இரண்டு செம்பு குடிப்பாய், அப்பா மூன்று செம்பு குடிப்பார். ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை. அந்த வீட்டு முற்றத்தில் தண்ணீர் குடிக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. நான் படித்தவள், ஆசிரியை, சபையில் பெண்கள் சங்கத் தலைவி. என் தலைக்குள் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சபையே குதூகலித்தது. மேலிடத்துக்கு அறிக்கை போனது, பாராட்டுக் கடிதம் வந்தது, அதைப் போதகர் வாசிக்க நாம் எல்லோரும் நிமிர்ந்து இருந்தோம். அவர்கள் நம் சபைக் கோயிலுக்குள் கடைசி வாங்குக்கும் பின்னால் தரையில் பாய் போட்டு இருந்தார்கள். அதுவரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர்களுக்கு முதல் இராப்போசனம் என்று தீர்மானமானது. அதற்கு அவர்களை ஆயத்தப்படுத்துவதும் என் வேலை. ஒரு புதன்கிழமை போதகரிடம் கேட்டு, வெள்ளிக் கிண்ணத்தையே துணியில் சுற்றிப் பனங்கூடலுக்குக் கொண்டுபோனேன். எப்படி முழங்காலிட வேண்டும், எப்படிக் கிண்ணத்தின் அடியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும் என்று காட்டினேன். எல்லோரும் இதிலேயா என்று சின்னாச்சி கேட்டாள். எல்லோரும் இதிலேதான், கர்த்தர் கடைசியாகத் தம்முடைய ஆட்களோடு இருந்து குடித்ததும் ஒரே கிண்ணத்தில்தான் என்று சொன்னேன். அவள் அதை வாங்கி, தன் சேலைத்தலைப்பால் விளிம்பைத் துடைத்துத் திருப்பித் தந்தாள்.

அதற்குப் பிறகுதான் நம்மவர்களுக்கு மெல்ல மெல்ல விஷயம் உறைத்தது. பாயில் இருப்பது வேறு, கிண்ணம் வேறு. பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு ஒன்றுமில்லை ரீச்சர், வீட்டில் மாமி ஒரு மாதிரி, அவ கோயிலுக்கு வருவதை விட்டுவிடுவா என்றாள் ஒருத்தி. இன்னொருத்தியின் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பகுதி கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்றாள். கடைசியில் சபைக் கமிற்றி நம் வீட்டு மண்டபத்தில் கூடியது. அவர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். முழங்காலிடும் கிராதியடியில் முதலும் கடைசியும் கிடையாது, வந்த ஒழுங்கில்தான் என்று போதகர் மறுத்துவிட்டார். ஒரு மணித்தியாலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்போது சபைச் செயலாளராக இருந்த உன் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அவர் அவமானப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணீர் கொண்டுபோனவள், தட்டை வைக்காமலே சொன்னேன்: "சயரோகம் பரவுது எண்டு சொல்லுங்கோவன். சுகாதாரத்துக்காக ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் எண்டால் ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. ரீச்சருக்கு நல்ல மூளை என்றார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி. போதகர் மட்டும் தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போனார். அவருக்கு ஊழியத்திலிருந்து இளைப்பாற இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. சண்டை பிடிக்க உடம்பில் பலமும் இல்லை. கொழும்பிலிருந்த ஒரு உறவினர் மூலம் பத்தே நாளில் கண்ணாடிக் கிண்ணங்களும் துளைகள் போட்ட மரத்தட்டுகளும் வந்து சேர்ந்தன. ஒரு கூரைத் தகடு மாற்ற ஒரு வருஷம் கதைக்கும் கமிற்றி அது. நீ 'பரம்பரையாக வந்த ஒழுங்கு' என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பரம்பரை இப்படி வந்தது. அதற்கு முன்பு உன் தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து இந்தக் கோயிலில் வெள்ளிக் கிண்ணம்தான். பழைய ஒழுங்கை மாற்றியவர்கள் நாங்கள். இன்றைய போதகர் அதைத் திருப்பி வைக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு வந்தது. ஒன்பது பேரும் தோய்த்து உலர்த்திய உடுப்போடு வந்திருந்தார்கள். சின்னாச்சி கிராதியடியில் முழங்காலிட்டு, நான் பழக்கியபடியே இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். போதகர் மரத்தட்டை நீட்டினார். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள். நான் ஆர்மோனியத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வாசித்தேன், ஒரு சுரமும் பிசகவில்லை. ஆராதனை முடிந்து, பின்னறையில் நான் அந்தக் கண்ணாடிக் கிண்ணங்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

"உதுகளை எங்களுக்கெண்டே வாங்கினியளோ, ரீச்சர்?" என்று கேட்டாள்.

இல்லை, இது சுகத்துக்காக, நோய் பரவாமல் இருப்பதற்கு என்று நான் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"ஓம் ஓம். எங்கடை வளவுக்கு வரேக்கை நீங்கள் கொண்டு வாற தண்ணிப் போத்தல் மாதிரி."

அதில் குத்தல் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அவள் குத்திப் பேசவில்லை. விளங்கிக்கொண்டதை உறுதிப்படுத்திக்கொண்டாள். அடுத்த ஞாயிறு ஒன்பது பேரில் ஒருவரும் வரவில்லை. புதன்கிழமை நான் போனேன். பாய் விரித்தாள், உன் படிப்பை விசாரித்தாள், கோயிலைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். பிறகு புதன்கிழமைகளில் எனக்கு வேறு வேலைகள் வந்தன, அல்லது வரவழைத்துக்கொண்டேன். வருஷ முடிவில் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'புதிதாகச் சேர்ந்த ஒன்பது பேரும் விசுவாசத்தில் வேரூன்றாமல் பின்வாங்கிப் போனார்கள் என்பதைத் துக்கத்துடன் அறிவிக்கிறோம்' என்று அப்பா எழுதினார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான்தான் பார்த்துக் கொடுத்தேன். அடுத்த சுவிசேஷ வாரத்துக்கு அக்கோடியனைத் தூக்கிக்கொண்டு வேறொரு குறிச்சிக்குப் போனோம். ஆட்களைப் பிடிப்பதில் நமக்கு அவ்வளவு ஆசை, தம்பி. பிடிபட்டவர்கள் பக்கத்தில் வந்து இருப்பதுதான் நமக்கு ஆகாது.

சில வருஷம் கழித்து, இந்துக் கோயில் கதவுகளை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லி மறியலும் அடிபாடும் நடந்த நாட்களில், நம்மவர்கள் பேப்பரை வாசித்துவிட்டு, பாருங்கள் இவர்களை, எங்களிடம் இப்படியொன்றும் இல்லை என்று கோயில் வாசலில் நின்று பேசினார்கள். நம் கோயிலில் கதவு திறந்துதான் இருந்தது. நாம் கதவை அடைத்ததில்லை. ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தே ஆட்களை வெளியே அனுப்பத் தெரிந்தவர்கள் நாம்.

இப்போது சின்னாச்சியின் மகள் பூமணிக்கு வருகிறேன். உனக்கும் அவளுக்கும் ஒரே வயது. இந்தப் போதகர் வந்த இரண்டு வருஷமாகச் சைக்கிளில் பனங்கூடலுக்குப் போய்வருகிறார். அவர் கொண்டுபோவது வேதாகமம் மட்டும்தான். அங்கே கொடுப்பதைக் குடிக்கிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். அதனால்தான் பூமணியும் அவள் புருஷனும் இன்னும் பத்துப்பேரும் வந்திருக்கிறார்கள். மூன்று கிழமைக்கு முன்னால் பூமணி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். இரு என்றேன், கதிரையில் இருந்தாள். தாய் இருந்திருக்கமாட்டாள். தேத்தண்ணீர் போட்டு, நாம் குடிக்கும் பேணியிலேயே கொடுத்தேன். அதை ஒரு பெரிய காரியமாக நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "ரீச்சர், இந்த முறை எதிலை குடிக்கிறது?"

அவளே தொடர்ந்தாள். தாய் நாலு வருஷத்துக்கு முன் நெஞ்சு வருத்தத்தில் செத்துப்போனதாகச் சொன்னாள். பனங்கூடலுக்கும் நம் வீட்டுக்கும் கால் மைல் தூரம். எனக்குத் தெரியாது. யார் வந்து செபம் பண்ணி அடக்கம் செய்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, நாங்களே பாடிப் புதைத்தோம் என்றாள். என்ன பாட்டு என்று கேட்டேன். நான் சின்னாச்சிக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு. பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் மாமனாருக்கும் வாசித்துக்காட்டு: "அம்மா பின்வாங்கேல்லை, ரீச்சர். சாகிற அண்டு விடியவும் செபம் பண்ணினவ. உங்கடை கோயிலுக்குத்தான் வரேல்லை."

பதினொரு பன்னிரண்டு வருஷம், தம்பி. ஒரு பெண், நான் பழக்கிய எழுத்தைக் கூட்டி வாசித்துக்கொண்டு, கால் மைல் தூரத்தில், தன்னந்தனியாக ஒரு சபையாக இருந்திருக்கிறாள். நாம் இங்கே மரத்தட்டைத் துடைத்து அடுக்கிக்கொண்டு இருந்தோம். பின்வாங்கியது யார் என்று அறிக்கையில் பெயர் மாற்றி எழுதிவிட்டோம். இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை, உடம்பு எரிகிறது. என்மேல்தான் முதலில். ஆனால் நான் செய்தது தெரியாமல் செய்யப்போகிறாய் என்றால் உன்மேல் இரங்கலாம். இப்போது உனக்குத் தெரியும்.

நோய் பரவவே பரவாது என்று வாதாட நான் வரவில்லை. நான் டொக்டர் இல்லை. பயமுள்ளவர்களும் வருத்தக்காரரும் அப்பத்தை ரசத்தில் தோய்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று போதகர் அதே அறிவித்தலில் சொன்னார். அந்த வரியை மகஜரில் காணவில்லை. கொழும்பில் மருத்துவம் படித்த ஐந்து வருஷமும் நீ போன கோயிலில் ஒரே கிண்ணம்தான். முன்பின் தெரியாத ஆட்களோடு முழங்காலிட்டு ஒரே கிண்ணத்தில் குடிப்பது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நீ எனக்கு எழுதிய கடிதம் அலுமாரிக்குள் இருக்கிறது. அப்போது கிருமி எல்லாம் லீவில் போயிருந்ததா? உன் கலியாணத்துக்கு முதல் நாள் நீயும் சிநேகிதர்களும் பின் வளவில் நின்று ஒரே சிகரெட்டை நாலுபேர் மாறி மாறி இழுத்ததை நான் குசினி யன்னலால் பார்த்தேன். அதற்கும் ஒரு மருத்துவக் கடிதம் எழுதியிருக்கலாமே. உன் படிப்புக்கு நானும் அப்பாவும் செய்யாத பாடு இல்லை. அந்தப் படிப்பைக் கொண்டுபோய் என் பொய்க்குச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறாய். நான் சொன்னபோது அது ஒரு ஆசிரியையின் தந்திரம். நீ சொல்லும்போது அது விஞ்ஞானமாகிவிடும். அதுதான் எனக்குப் பயம்.

பழகியது பிடிக்கும், புதியது பிடிக்காது என்பது எனக்கும் தெரியும். இந்தப் போதகர் கோயிலுக்குள் மிருதங்கம் கொண்டுவந்தாரே, எனக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. ஆர்மோனியத்தோடு அமைதியாகப் பாடிப் பழகிய காதில் அது இடிக்கிறது. ஆராதனையை வேலை முடிந்து வருகிறவர்களுக்காகப் பின்நேரத்துக்கு மாற்றினார், என் மத்தியான நித்திரை கெட்டது. அதற்கும் முணுமுணுத்தேன். முன் வாங்கில் யாரோ ஒரு பிள்ளை என் இடத்தில் இருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன், தாய் எழுப்பிக்கொண்டு போனாள். அன்று வீட்டுக்கு வந்து என்னை நானே ஏசினேன். பிடிக்காமல் இருக்க எனக்கு முழு உரிமையும் உண்டு. பிடிக்கவில்லை என்று போதகரின் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் என் காதும் என் நித்திரையும் என் வாங்கும் சுகமாக இருப்பதற்காக ஒரு மனிதர் வாசலோடு திரும்பிப் போவதா? நமக்கு வசதியானதைச் சுவிசேஷத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அதற்கு ஒழுங்கு, பரம்பரை, சுகாதாரம் என்று பெயர் சூட்டுவதில் இந்த யாழ்ப்பாணத்தில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை.

உனக்கு உள்ள நெருக்கடியும் எனக்குத் தெரியும். கலியாணம் முடித்து ஒரு வருஷம் ஆகவில்லை, மாமனார் கேட்டால் எப்படி மறுப்பது என்று நினைத்திருப்பாய். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளும் நான்தான். நல்ல கிறிஸ்தவக் குடும்பம் என்று சொல்லித்தான் பேசினேன். உன் அப்பா முகம் வாடக்கூடாது என்று நான் அன்று வாயைத் திறந்தேன். உன் பெண்சாதி முகம் வாடக்கூடாது என்று நீ இன்று பேனையைத் திறந்திருக்கிறாய். அன்பினால்தான் செய்தேன் என்று நானும் பதினாறு வருஷம் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த அன்புக்காகச் சின்னாச்சி கொடுத்த விலையை நினைத்தால் அந்தச் சொல் வாயில் நிற்கவில்லை.

ஆகவே நடக்கப்போவதைக் கேள். மகஜரில் என் கையெழுத்து கிடையாது. குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் இருக்கிறது, அங்கேதான் உங்கள் மகஜரை வாசிக்கப்போகிறீர்கள். வாசித்து முடிந்ததும் நான் எழும்புவேன். அந்த மண்டபத்தில் அன்றைக்கு இருந்தவர்களில் இன்று உயிரோடு இந்த ஊரில் இருப்பவள் நான் ஒருத்திதான். சயரோகக் கதையை யார் சொன்னது, எங்கே சொன்னது, எதற்காகச் சொன்னது என்று பூமணியும் மற்றவர்களும் கேட்க முழுவதையும் சொல்வேன். உன் அப்பாவின் பெயர் கெடும் என்பாய். கெடட்டும். என் பெயரும் சேர்ந்துதான் கெடப்போகிறது. அதற்கு முன் நீ வந்து, உன் கையாலே உன் பெயரை வெட்டி, அந்த மருத்துவக் கடிதத்தைத் திருப்பி எடுத்தால், கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லமாட்டேன். வராவிட்டால் சொல்வேன். பெற்ற பிள்ளை என்று பார்ப்பேன் என்று நம்பியிருக்காதே. பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம்.

உயிர்த்தெழுந்த ஞாயிறுக்குப் போதகரிடம் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார். பூமணி முதலில் குடிப்பாள். அவளுக்கு அடுத்ததாக நான் முழங்காலிடுவேன், கிண்ணம் அவள் வாயிலிருந்து என் வாய்க்கு வரும், நடுவில் யாரும் விளிம்பைத் துடைக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அடுத்த இடம் உனக்கு. அதை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பேன். உன் அம்மா குடித்த கிண்ணத்தில் குடித்தால் உனக்கு என்ன நோய் வரும் என்று, டொக்டர், அந்த அச்சடித்த தாளில் எழுதிக்கொண்டு வந்து என் கையில் கொடு.

அம்மா